ஒரு சொல்லுக்கு இரண்டு நோய்

பென்சில் விழும் சத்தம். முதலில் மேசை விளிம்பில் ஒரு தட்டு, அடுத்து சிமெண்டுத் தரையில் ஒரு தட்டு, பிறகு ஆறு பட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொட்டு உருள்கிற கடகடப்பு, கடைசியில் சுவரில் முட்டி நிற்கிற மௌனம். ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டது. இன்று காலை பத்தே முக்காலுக்கு, கைப்பேசியைக் காதில் இடுக்கிக்கொண்டு அடுப்படியில் பருப்பு களைந்துகொண்டிருந்த அமலோற்பவத்துக்கு மறுபடியும் கேட்டது. அவள் பயப்படவில்லை. எழுபத்தெட்டு வயதில் பழைய சத்தங்கள் வரத்தான் செய்யும், வந்த வழியே போகவும் செய்யும். ஆனால் அந்த நாட்களில் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தனக்கு எரிச்சல் வந்தது என்பதும் கூடவே வந்து நின்றது, அதைத்தான் போகச் சொல்ல முடியவில்லை. கைப்பேசியில் ரெஜினா பேசிக்கொண்டே இருந்தாள். அமலோற்பவம் இளவயதில் ஒரு கன்னியர் மடத்தில் தொகுக்க உதவிய இலத்தீன்-தமிழ் அகராதிக்கு இரண்டாம் பதிப்பு கொண்டுவருகிற கல்லூரி விரிவுரையாளர், கெட்டிக்காரப் பெண், மூச்சு வாங்குவதைக்கூட நேர விரயமாக நினைப்பவள். "டீச்சர், முந்நூத்தி நாலாம் பக்கத்துல ஒரு வரி வழியுது. 'சேப்பே'ங்கிற சொல்லுக்கு மட்டும் அஞ்சு உதாரணம் போட்டிருக்கீங்க. ஒண்ணை எடுத்துட்டா பக்கம் கச்சிதமா உக்காந்துடும். கடைசி வாக்கியம், 'நான் அடிக்கடி சிரிக்கிறேன்', அது சப்புன்னுதானே இருக்கு? எடுத்துடவா?" "எடுக்காதே." "அப்ப எதை எடுக்க?" "பன்னெண்டு மணிக்குச் சொல்லுதேன்." "பன்னெண்டுக்கு நான் அச்சகத்துக்கு அனுப்பியாகணும் டீச்சர்." "அதனாலதான் பன்னெண்டுன்னு சொன்னேன். அந்த முன்னுரையவும் அனுப்பிராத, அதுல ஒரு வரி இருக்கு." "எந்த வரி?" என்று ரெஜினா கேட்பதற்குள் அமலோற்பவம் அழைப்பைத் துண்டித்துவிட்டு, பருப்பைக் குக்கரில் போட்டு மூடினாள். மூன்று விசில். அதற்குள் முடிவு செய்துவிடலாம். முடிவு செய்வதில் அவளுக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை. ஒரே ஒரு தடவை அதிக வேகமாக முடிவு செய்துவிட்டாள், அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேசையில் அச்சுப்படிகள் கிடந்தன, காற்றாடிக்குப் பறக்காமல் மேலே ஊறுகாய்ச் சாடி. முந்நூற்று நான்கு. சேப்பே, அடிக்கடி. கோர்நிக்ஸ் சேப்பே ஆத் பெனெஸ்த்ராம் வேநித், காகம் அடிக்கடி ஜன்னலுக்கு வருகிறது. க்லாவெம் சேப்பே ஆமித்தோ, நான் அடிக்கடி சாவியைத் தொலைக்கிறேன். இவை இரண்டும் அமலோற்பவம் எழுதியவை. காகம் நிஜமான காகம், மடத்துச் சமையற்கட்டில் இட்லி வெந்ததும் ஜன்னல் கம்பியில் வந்து உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்துப் பார்க்கும். சாவியும் நிஜம். இன்றைக்கும் தொலைக்கிறாள். காலையில்கூட பீரோச் சாவி பூண்டுக் கூடையில் இருந்தது. அடுத்த மூன்றும் அவள் எழுதியவை அல்ல. எழுதுகோல் அடிக்கடி என் கையிலிருந்து விழுகிறது. எனக்கு அடிக்கடி தலை வலிக்கிறது. நான் அடிக்கடி சிரிக்கிறேன். அவை அகராதியைத் தொகுத்த சிஸ்டர் கொலம்பா எழுதியவை. இந்த மூன்றையும் குருமடத்துப் பையன்கள் மனப்பாடம் செய்து, பரீட்சைக்கு முதல் நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "சேப்பே காபுத் மிஹி தோலெத்" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு நடிப்பார்களாம், ஒரு பாதிரியார் ரயிலில் அடையாளம் கண்டு அவளிடம் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். ரயில் அப்போது கடம்பூரைத் தாண்டிக்கொண்டிருந்தது, வெளியே கம்மங்கதிர், அவள் சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்ன சிரிப்பு அது.

பாளையங்கோட்டையில் அந்த மடம் இருந்தது. அமலோற்பவத்துக்கு அப்போது இருபத்தாறு வயது. கல்லூரியில் இலத்தீன் படித்த பெண்கள் அந்த ஜில்லாவிலேயே இரண்டு மூன்று பேர் இருந்திருப்பார்கள், அதில் கன்னியாஸ்திரி ஆகாதவள் இவள் ஒருத்தி. அகராதி வேலைக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும் என்றார்கள், போனாள். வேலை நடந்த அறைக்கு அடுத்தது சிற்றாலயம், ஆகவே காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை பேசக் கூடாது. மேசையின் அந்தப் பக்கம் சிஸ்டர் கொலம்பா, இந்தப் பக்கம் அவள், நடுவில் ஒரு மரத்தட்டு. சிஸ்டர் ஒரு சீட்டில் சொல்லையும் உதாரண வாக்கியத்தையும் எழுதித் தட்டில் போட்டுத் தள்ளுவார். இவள் அதன் பின்பக்கம் தமிழை எழுதித் திருப்பித் தள்ளுவாள். ஆட்சேபம் இருந்தால் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு வரி. உதாரணத்தை இவள் எழுதி அவர் பார்ப்பதும் உண்டு. அப்படி வந்த முதல் வாரத்தில், கல்லூரியில் படித்ததை நினைத்துக்கொண்டு, சீசர் ஆற்றின்மேல் பாலம் கட்டினான் என்று ஒரு வாக்கியம் எழுதித் தள்ளினாள். சீட்டு திரும்பி வரவே இல்லை. பன்னிரண்டு மணி அடித்தது, சிஸ்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு வாயைத் திறந்தார். காமநாயக்கன்பட்டிக்காரர், பத்து வருஷம் மடத்தில் இருந்தும் ஊர்ப்பேச்சு போகவில்லை. "ஏட்டி அமலி, சீசர் ஒனக்கு மாமனா மச்சானா? அவன் பாலம் கெட்டுனத நீ போயி நின்னு பாத்தியா?" "இல்ல சிஸ்டர்." "அப்புறம் என்னத்துக்கு அவனுக்காக சாட்சி சொல்லுத? பாத்தத எழுது. பாக்காதத எழுதுனா அது பொய், பொய்யப் படிச்சா பயலுவளுக்கு மண்டையில நிக்காது." அதற்கப்புறம் 'அடிக்கடி மழை பெய்கிறது' என்று எழுதியதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். "எந்த ஊர்லட்டி? எனக்கும் வழி சொல்லு, நானும் வாரேன்." அப்படித்தான் அந்த இடத்துக்குக் காகம் வந்தது. ஆக விதி ஒன்றுதான், பார்த்ததை எழுது, உனக்கு நடந்ததை எழுது. அந்த விதி அமலோற்பவத்துக்குத் தெரியும். தெரியாது என்று ஒருநாளும் அவள் தன்னிடம் சொல்லிக்கொண்டதில்லை. தெரிந்திருந்தும்தான்.

முதல் விசில். ஆனி மாதம் அது, சாரல் காற்று குற்றாலத்திலிருந்து மேற்கு ஜன்னல் வழியாக நேராக உள்ளே வரும், சீட்டுகள்மேல் தாமிரபரணிக் கூழாங்கற்களை வைத்திருப்பார்கள். பென்சில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு காலையில் நான்கு தடவை, ஐந்து தடவை. தட்டு, தட்டு, கடகடகட. ஒவ்வொரு தடவையும் அமலோற்பவம் வாயைத் திறக்காமல் குனிந்து எடுத்துக் கொடுப்பாள், அவர் தலையை அசைப்பார், இவள் மனதுக்குள் இந்தக் கன்னியாஸ்திரிக்கு ஒரு பென்சிலைப் பிடிக்கத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொள்வாள். பிறகு 'சேப்பே' வந்தது. காகத்தையும் சாவியையும் இவள் முன்பே எழுதிக் கொடுத்திருந்தாள். சிஸ்டரின் மூன்று சீட்டுகள் ஒரே காலையில், ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டில் வந்தன. எழுதுகோல் விழுகிறது என்ற சீட்டு வந்ததும் ஒப்புக்கொள்கிறாரே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு தமிழ் எழுதினாள். எனக்கு அடிக்கடி தலை வலிக்கிறது என்ற சீட்டு வந்தது. அதற்கும் தமிழ் எழுதினாள், 'தலைநோவு உண்டாகிறது' என்று போடலாமா என்று யோசித்து, பேச்சுத் தமிழே இருக்கட்டும் என்று விட்டாள். யோசித்தது அதைத்தான், தலைநோவா தலைவலியா என்று. மூன்றாவது சீட்டு, சேப்பே லித்தெராஸ் தூப்ளிச்சேஸ் வீதெயோ. எழுத்துகள் எனக்கு அடிக்கடி இரண்டிரண்டாகத் தெரிகின்றன. கையெழுத்து வலது பக்கம் சரிந்து போயிருந்தது, மழையில் சாய்ந்த சோளம் மாதிரி. அதையும் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். ஒரு சொல்லுக்கு இரண்டு நோய் வேண்டாம், ஒன்றை மாற்றவும். எழுதியபோது பெருமையாகக்கூட இருந்தது. நல்ல ஆட்சேபம்தானே, படிக்கிற பையன்களுக்கு வகைவகையாக வாக்கியம் வேண்டாமா, காகம் ஒன்று, சாவி ஒன்று, நோய் ஒன்று. தட்டைத் தள்ளினாள். பிறகு, மௌன நேரத்தில், பக்கத்துச் சிற்றாலயத்தில் மூன்று பேர் முழந்தாளில் இருக்கும்போது, சிஸ்டர் கொலம்பா சத்தமாகச் சிரித்தார். ஒரே ஒரு சிரிப்பு, கிணற்றில் வாளி விழுந்த மாதிரி. மடத்துத் தலைவி மதர் கதவுக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனார். தட்டு திரும்பி வந்தது. வாக்கியத்தில் இரண்டு சொற்களை அடித்துவிட்டு, கடைசிச் சொல்லில் ஒரே ஒரு எழுத்தைத் திருத்தியிருந்தார், வீதெயோ ரீதெயோ ஆகியிருந்தது, பார்க்கிறேன் என்பது சிரிக்கிறேன் ஆகியிருந்தது, வேலையில் மிச்சம் பிடிக்கிற ஆள். சேப்பே ரீதெயோ. நான் அடிக்கடி சிரிக்கிறேன். நன்று என்று சிவப்பில் எழுதிப் பெட்டியில் போட்டாள். நன்று என்று எழுதினாள். நன்று என்று.

பன்னிரண்டுக்குப் பிறகு வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்று வெகு காலம் அவள் சிஸ்டரோடு மனதுக்குள் சண்டை போட்டிருக்கிறாள். சீசருக்கு அவ்வளவு பேசினீர்களே சிஸ்டர், காகத்துக்கும் மழைக்கும் பேசினீர்களே, இதற்கு மட்டும் ஏன் வாய் வரவில்லை? பதில் தெரியாமல் இல்லை. அந்த மடத்தில் உடம்பைப் பற்றி முறையிடுவது ஒரு குறை, சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொல்ல வேண்டிய குறை. உதாரண வாக்கியம் எழுதுவது வேலை. வேலையில் சொன்னால் அது முறையீடு ஆகாது. மூன்று மணி நேரம் எதிரில் உட்காருகிற ஒருத்தி, விதி தெரிந்தவள், படித்தால் புரிந்துகொள்வாள், எழுந்துபோய் மதரிடம் சொல்வாள். அவ்வளவு எதிர்பார்த்திருக்கிறார், அதிகமில்லை. ஊரில் வேறு யாராக இருந்தாலும், எழுத்தே தெரியாத சமையற்கட்டு ஞானம்மாளாக இருந்தாலும், எனக்கு ரெண்டு ரெண்டாத் தெரியுது என்று ஒருத்தர் சொன்னால், ஐயோ என்று சொல்லியிருப்பாள். இலத்தீன் படித்த இரண்டு பேருக்கு நடுவில்தான் அது உதாரணமாகப் போயிற்று. மார்கழியில் சிஸ்டர் சிற்றாலயப் படியில் விழுந்தார், மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அமலோற்பவம் கஞ்சித் தூக்குடன் பஸ்ஸில் போய் இறங்கி, வார்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். மூளையில் கட்டி என்றார். "ஆறு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம் மதர். பார்வை ரெண்டாத் தெரிஞ்சிருக்குமே, யார்கிட்டயும் சொல்லலையா அவங்க?" "இல்ல டாக்டர்," என்றார் மதர். "யார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லல. அப்படியாப்பட்ட ஆத்துமா." தூக்கின் கைப்பிடி உள்ளங்கையில் பதிந்த வட்டம் இப்போதும் தெரிகிறது. மார்கழியிலிருந்து பின்னால் எண்ணினாள், ஆறு, ஆனி. உள்ளே போய், சொன்னார் மதர், என்னிடம் சொன்னார், எழுதியே சொன்னார், நான்தான் மாற்றச் சொன்னேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கஞ்சி ஆறிவிடும் என்று நினைத்தாள். அதைத்தான் நினைத்தாள். மடத்து ஆண்டிதழில், தம் நோயை எவரிடமும் சொல்லாமல் தாங்கிய மௌன மலர் என்று எழுதினார்கள். கல்லறைக்கு முன்னால் இளம் சிஸ்டர்களை நிறுத்தி அதையே சொன்னார்கள். ஐம்பத்திரண்டு வருஷமாக எத்தனை பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டு, தலைவலியைக் கடித்துக்கொண்டு போயிருப்பார்கள். இதோ, ரெஜினாவின் முன்னுரை, இரண்டாம் பத்தி, நான்காவது வரி, "தம் நோயை எவரிடமும் சொல்லாமல் தாங்கிய சிஸ்டர் கொலம்பா". பாவம், இவள் ஆண்டிதழைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறாள்.

இரண்டாவது விசில். மணி பதினொன்று பத்து. முந்நூற்று நான்காம் பக்கத்தில் சட்டென்று எழுத்துகள் நிழல் கட்டின. காகத்துக்குப் பக்கத்தில் ஒரு மங்கல் காகம், தலைக்குப் பக்கத்தில் ஒரு தலை. இதுதானா. இப்படித்தான் இருந்ததா சிஸ்டர் உங்களுக்கு, இவ்வளவு அழகாக, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு துணை. யாரிடம் சொல்வது, மகள் பெங்களூரில், எதிர் வீட்டு சந்தனமாரி பள்ளிக்கூடம் போயிருப்பாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். பழைய கண்ணாடி. கண்புரை எடுப்பதற்கு முந்தின கண்ணாடி, விசிலுக்கு எழுந்து போய் வந்தபோது பூண்டுக் கூடைக்குப் பக்கத்தில் இருந்ததை அவசரத்தில் போட்டுக்கொண்டிருக்கிறாள். புதியதை எடுத்துப் போட்டதும் காகம் ஒன்றாயிற்று. அவள் கொஞ்சம் சிரித்தாள். உடனே கோபம் வந்தது, தன்மேல்தான், பழைய கோபம் அல்ல, வேலை செய்கிற கோபம். எனக்குக் கண்ணாடியை மாற்றினால் போதும். அவருக்கு ஒருத்தி எழுந்து போயிருந்தால் போதும். போயிருந்தால் பிழைத்திருப்பாரா? அது அவளுக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, அதைப் பற்றி யோசித்து யோசித்து இருபது வருஷம் போனது, இனிமேல் அதற்கு நேரம் கொடுப்பதற்கில்லை. தெரிந்தது ஒன்று. அவர் சொன்னார். அது நடந்தது, அவள் பார்த்தாள். பார்த்ததை எழுத வேண்டும். அலமாரியிலிருந்து முதல் பதிப்பை எடுத்து விரித்தாள், முந்நூற்று நான்கு அதில் இருநூற்றெண்பது, அச்சானபின் பெட்டியிலிருந்து எடுத்து வைத்த சீட்டு அங்கேயே இருந்தது, ஓரம் பழுத்து. அடித்த இரண்டு சொற்களையும் அடிப்புக்குக் கீழே நன்றாகவே படிக்க முடிந்தது. மூலையில் தன் சிவப்பு. சிரிக்கிறேன் என்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழைய வாக்கியத்தை வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். எப்படி எடுப்பது? அவர் சிரித்தார், நிஜமாகவே சிரித்தார், இவள் காதால் கேட்டது. அடிக்கடியா என்றால் இல்லை. ஆனாலும் பார்த்ததை எழுது என்பதை அந்தக் கடைசி நிமிஷத்திலும் அவர் மீறவில்லை, சிரித்தார், சிரிக்கிறேன் என்று எழுதினார். நோய் பொய் இல்லை, சிரிப்பும் பொய் இல்லை. இரண்டும் இருக்கட்டும். நான்கு வரிதானே இடம்? அவள் நீலப் பேனாவை எடுத்துக் காகத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். சாவியின் குறுக்கே ஒரு கோடு. சாவி எங்கே போகும், நாளைக்கும் தொலையும். பென்சிலுக்கும் தலைவலிக்கும் கீழே, சிரிப்புக்கு மேலே, சீட்டைப் பார்க்காமலே அந்த வாக்கியத்தை எழுதினாள். எழுத்துகள் எனக்கு அடிக்கடி இரண்டிரண்டாகத் தெரிகின்றன. மூன்றாவது விசில் வந்தது, போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து முன்னுரையை எடுத்தாள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரெஜினா கூப்பிட்டாள். இவள் முதலிலேயே நான்கு வரிகளையும் வாசித்தாள், ரெஜினா எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "டீச்சர், நாலுமே ஒரே ஆள் பேசுற மாதிரி இருக்கே." "ஒரே ஆள்தான்." "காக்காவ ஏன் எடுத்தீங்க? பசங்களுக்குப் பிடிக்குமே." "அது நான் எழுதுனது. நான் உயிரோடதான இருக்கேன், வேற சொல்லுக்கு எழுதிக் குடுத்திருதேன்." ரெஜினா சிரித்தாள், பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. "இது... சிஸ்டர் கொலம்பா அவங்களப் பத்தியே எழுதுனதா?" "ஆமா. முன்னுரையில ரெண்டாம் பத்தியில 'எவரிடமும் சொல்லாமல்'னு இருக்குல்லா, அத அடிச்சிரு. அந்த எடத்துல நான் சொல்லுதத எழுது. எழுதுதியா? 'தம் நோயை உடன் பணியாற்றிய அமலோற்பவத்திடம் எழுத்தில் தெரிவித்தார். அமலோற்பவம் அதை உதாரணமாக எண்ணித் திருத்தச் சொன்னார்.' புள்ளி." அந்தப் பக்கம் பேனா நின்றுவிட்டது. "டீச்சர், உங்க பேரு வேண்டாமே. 'உடன் பணியாற்றிய ஒருவர்'னு போடலாமே." "யாருட்டி அந்த ஒருவர்? நீ பாத்தியா அவங்கள?" என்றாள் அமலோற்பவம், குரலில் காமநாயக்கன்பட்டி வந்து உட்கார்ந்துகொண்டதை அவளே கவனித்தாள். "பேரப் போடு. ஒனக்கு இடம் பத்தலன்னா என் நன்றியுரைய எடுத்துக்கோ, அதுல ஒண்ணுமில்ல." சரி டீச்சர் என்று ரெஜினா சொன்னாள். மடத்தில் ஏதும் கேட்டால் என்ன சொல்ல என்று கேட்டாள். "என் நம்பரக் குடு," என்றாள் இவள். பன்னிரண்டு அடித்தது, எதிர்த் தெருக் கோயிலிலோ, பழைய அறையிலோ. இனிப் பேசலாம்.

சிஸ்டர் கொலம்பா ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு ஜனவரி ஒன்பதாம் தேதி மதுரையில் இறந்தார், வயது நாற்பத்து மூன்று. அவர் கையால் எழுதிய கடைசிச் சீட்டு 'செல்லா', நாற்காலி. அதற்கு உதாரணம் எழுதப்படவில்லை.